இல்லை என்போர்

சட்டசபைக் கட்டடம் முழுவதிலும் குரலை உயர்த்தாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் மைக்காரர்தான். ஊரார் குரலை ஏற்றி இறக்குவதே பிழைப்பு என்று ஆனதாலோ என்னவோ, சொந்தக் குரலுக்கு அவர் வேலையே வைக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். மைக் கரகரக்கிறது என்றால் சரிங்க. என் எதிரி பேசும்போது மட்டும் ஏன் கரகரக்கவில்லை என்றால் அதற்கும் சரிங்க. "இன்னும் ஒரு வருஷம் தற்காலிகமாவே இருங்க, அடுத்த வருஷம் நிரந்தரம் பண்ணிடலாம்" என்று சபைச் செயலர் வருஷா வருஷம் சொல்வதற்கும் அதே சரிங்கதான். இப்படியே தலை நரைத்துவிட்டது. தெருவில் அவருக்குப் பெயரே 'சரிங்க' என்று நின்றுவிட்டது. வீட்டிலும் நிலைமை வேறில்லை. அவர் மனைவி டவுன் பஸ்ஸில் கண்டக்டர். "உள்ள போ, உள்ள போ" என்று நாள் முழுக்கக் கத்திப் பழகிய வாய்க்கு முன்னால் எந்தப் புருஷனுக்கும் வேறு பதில் வராது.

மைக்காரரின் அறை பார்வையாளர் மாடத்துக்குப் பின்னால் இருந்தது. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. கண்ணாடி போட்ட அலமாரி என்றால் பொருத்தமாக இருக்கும். உள்ளே ஒரு நாற்காலி, காதில் மாட்ட ஒரு ஹெட்போன், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன சுவிட்ச், எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அணைக்க ஒரு சிவப்புப் பொத்தான். கண்ணாடிக்கு நேர் எதிரே ஒரு பருத்த தூண். கட்டடத்தைக் கட்டிய பொறியாளருக்கு மைக்காரர்கள் மேல் என்ன கோபமோ தெரியாது. அந்தத் தூணைத் தாண்டி சபாநாயகர் நாற்காலியின் பாதி முதுகுதான் தெரியும். ஆகவே அவருக்குச் சபை என்பது முழுக்க முழுக்கக் காது சமாச்சாரம். யார் தொண்டையைச் செருமுகிறார், யார் மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கிறார், யார் குறட்டை விடுகிறார், எல்லாம் அத்துப்படி. முகம் பார்த்தால்தான் அடையாளம் தெரியாது.

சபையில் ஒரு மசோதாவை நிறைவேற்றப் பெரும்பாலும் கையைத் தூக்கி எண்ணுவதில்லை. "ஏற்போர் 'ஆம்' என்க" என்பார் சபாநாயகர். ஒரு பக்கம் கத்தும். "மறுப்போர் 'இல்லை' என்க" என்பார். மறு பக்கம் கத்தும். எந்தக் கத்தல் பெரியது என்று காதாலேயே நிறுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். தராசு எப்போதும் ஆளுங்கட்சிப் பக்கமே சாயும் என்பது வேறு கதை. இந்தக் கத்தலுக்காக மைக்காரர் எல்லா மைக்கையும் திறந்துவிடுவார். 'இல்லை' ஓய்ந்ததும் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். ஆமுக்குத் திறப்பது, இல்லைக்கு மூடுவது. அவர் கை அந்தத் தடத்திலேயே ஓடிப் பழகிவிட்டது. அவர் அனுபவத்தில் 'இல்லை' வராத மசோதா கிடையாது. தண்ணீர் வரிக்கு வந்தது, தெருநாய்க்கு வந்தது. இறந்துபோன ஒரு தலைவருக்கான இரங்கல் தீர்மானத்துக்குக்கூட ஒருவர் பழக்கதோஷத்தில் 'இல்லை' என்று கத்திவிட்டு, பிறகு எழுந்து மன்னிப்புக் கேட்டார்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தபோது நிதியமைச்சர் எழுந்தார். உறுப்பினர்கள் ஊதியம் மற்றும் படிகள் திருத்த மசோதா என்ற ஒன்றை, கசப்பு மாத்திரையை விழுங்குகிற வேகத்தில் படித்தார். உறுப்பினர்கள் சம்பளத்தை உறுப்பினர்களே இரண்டு மடங்காக்கிக்கொள்வதுதான் விஷயம். விவாதம் இல்லை, கேள்வி இல்லை, வெளிநடப்பு இல்லை. "ஏற்போர் 'ஆம்' என்க" என்றார் சபாநாயகர்.

வந்தது பாருங்கள் ஒரு "ஆம்!" மைக்காரருக்குக் காது கிழிந்துவிட்டது. ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டார். இடது பக்கம் கத்தினால் வலது பக்கம் உறுமுவதும் வலது கத்தினால் இடது உறுமுவதும்தான் அவர் அறிந்த சபை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைக் கத்தி அவர் கேட்டதே இல்லை. அதோடு விட்டார்களா? மேசையைத் தட்டோ தட்டென்று தட்டினார்கள். அந்த இரைச்சலில் சபாநாயகர் இரண்டாவது கேள்வியைக் கேட்டாரா, கேட்காமலே எழுந்து போனாரா என்பது அந்தச் சபாநாயகருக்கே வெளிச்சம். அவரும் சம்பளம் வாங்குகிறவர்தான். அவருக்கும் பசி. நாற்காலியின் பாதி முதுகு, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாடத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும்.

மைக்காரர் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு 'இல்லை'க்காகக் காத்திருந்தார். சலசலப்பாக இருந்தது. சரி, விவாதம் கிளம்பிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். அந்தச் சலசலப்பின் நடுவே ஒரு குரல் ஈனஸ்வரத்தில் சொன்னது: "இது அநியாயம். ரொம்ப அநியாயம்."

மைக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்துவிட்டாரய்யா ஒருவர்! பாவம், சின்னக் குரல், தனி ஆள். இந்த மாதிரி ஆட்களுக்கு உதவத்தானே நாம் இருக்கிறோம் என்று அந்தக் குரலைத் தேடிப் பிடித்து நன்றாக ஏற்றிவைத்தார்.

இதே நேரத்தில் கீழே கேமரா அறையில் இன்னொருவர் தம் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தார். சபை நடப்பு டி.வி.யில் நேரடியாகப் போகும். சபாநாயகர் எழுந்தால், கட்டடத்து வாசலில் வரிசையாக இருக்கும் பூந்தொட்டிகளின் படத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார் கேமராக்காரர். ஒலியை அணைப்பது மைக்காரர் பாடு. அதனால், மாநிலம் முழுக்க வீடுகளிலும் டீக்கடைகளிலும் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் சிவப்புப் பூக்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்க, அந்தப் பூந்தொட்டிகள் திருவாய் மலர்ந்தன.

"அநியாயம் இல்லாம என்னங்க? மூணு மடங்குன்னுதானே பேச்சு? ரெண்டுல வந்து நிக்குது!"

"அடுத்த கூட்டத்துல பார்த்துக்கலாம்யா. ஒரேயடியா ஏத்துனா ஜனங்க கண்ணை உறுத்தும்."

"ஜனங்களா? ஒரு வாரம் கத்துவாங்க. அப்புறம் மழை வந்துடும், மழையைத் திட்டப் போயிடுவாங்க."

பூந்தொட்டிகள் கலகலவென்று சிரித்தன. அடுத்து வந்த குரலை மாநிலத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். எதிர்க்கட்சித் தலைவர், மேடையில் அவர் போடுகிற சத்தத்துக்குக் 'கர்ஜனை' என்றே பட்டம். அந்தக் கர்ஜனை இப்போது கொஞ்சலாக வந்தது.

"நிதி, நாளைக்கு வாசல்ல நின்னு உங்களைக் கொஞ்சம் திட்டுவேன். மனசுல வச்சுக்காதீங்க."

"தாராளமாத் திட்டுங்கண்ணே. ஆனா 'கொள்ளைக்காரன்' பழசாயிடுச்சு. வேற ஏதாவது புதுசாச் சொல்லுங்க."

"வீட்டுக்காரிகிட்டக் கேட்டுச் சொல்றேன். அவ நல்லாத் திட்டுவா."

மைக்காரருக்கு இப்போதுதான் விஷயம் உறைத்தது. இது விவாதமே இல்லை. யாரும் எதிர்க்கவில்லை, எதிர்த்ததாக அவர் நினைத்த ஆள் போதவில்லை என்று அழுதிருக்கிறார். விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. போனது, ஆனால் அமுக்கவில்லை. 'இல்லை' என்ற வார்த்தை காதில் விழாமல் அந்த விரல் அமுக்கியதே கிடையாது. "சாப்பாடு ஆறுதுங்க, வாங்க" என்று யாரோ சொல்லி, நாற்காலிகள் நகர்ந்து, கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அமுக்கினார்.

அன்று சாயங்காலம் கண்டக்டரம்மா தொண்டை கட்டிப்போய், ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தார். பையை ஆணியில் மாட்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்க, உங்க சட்டசபை இன்னிக்கு மானம் கெட்டுப்போச்சு தெரியுமா? என் பஸ்ஸே தீப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒருத்தர் டிக்கெட் வாங்க மாட்டேங்கறார். என்னய்யான்னு கேட்டா, 'என் டிக்கெட் விலையை நானே குறைச்சு மசோதா நிறைவேத்திட்டேன், எங்க வீட்டுல எல்லாரும் ஆம்னுட்டாங்க'ங்கறார். மத்தவங்கல்லாம் கை தட்டறாங்க. நான் யாரைத் திட்டறது?"

"சரிங்க... சரிம்மா" என்றார் மைக்காரர்.

"சம்பளத்தை ஏத்தினதுகூடப் பரவாயில்லைங்க. மழையைத் திட்டப் போயிடுவாங்கன்னு சொன்னான் பாருங்க, அதுதான் எல்லாருக்கும் சுருக்குன்னு பட்டுடுச்சு. ஒரு அம்மா, மார்க்கெட்ல கருவாடு விக்கறவங்க, ஏறுனதுலேருந்து இறங்கற வரைக்கும் வாயை மூடல. நான் பாட்டுக்கு உச்சுக் கொட்டிட்டே வந்தேன்." கண்டக்டரம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவராக அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, மைக்கு உங்க கையிலதானே இருக்கு?"

மைக்காரர் வாயைத் திறந்தார்.

"சேச்சே, நீங்க பண்ணியிருக்க மாட்டீங்க" என்று அவரே முடித்துவிட்டார். "பஸ்ஸுல நம்ம தெருக்காரங்களும் அதைத்தான் சொன்னாங்க. சரிங்கவுக்கு அவ்வளவு தைரியம் ஏது, மெஷின் கெட்டுப்போயிருக்கும்னு. மெஷினுக்காவது ரோஷம் வந்துச்சே!"

இந்தக் கடைசி வார்த்தை மைக்காரரைக் குத்திவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் செய்தது ஒன்று ஊர் வாயில் விழுந்திருக்கிறது. அந்தப் பெயரையும் மெஷின் தட்டிக்கொண்டு போகிறது. தவறுதலாகச் செய்ததுதான். ஆனாலும் அது அவர் செய்த தவறு. மெஷின் செய்ததில்லை.

அடுத்த சில நாட்களில் ஊர் கூத்து பார்த்தது. முடி வெட்டும் கடைகளில் 'சபை உறுப்பினர்களுக்கு மட்டும் கூலியை நாங்களே முடிவு செய்துகொள்வோம்' என்று எழுதிப் போட்டார்கள். ஓர் உறுப்பினர் கல்யாண வீட்டுக்குப் போக, சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு மட்டும் எல்லாவற்றையும் இரண்டு மடங்காகப் பரிமாறி, எழுந்திருக்க விடாமல் சுற்றி நின்றார்களாம். கர்ஜனை சொன்னபடி வாசலில் நின்று நிதியமைச்சரைத் திட்டப் போனார், "வீட்டுக்காரிகிட்டக் கேட்டுட்டீங்களாண்ணே?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டதோடு கர்ஜனை காரில் ஏறிவிட்டது.

எல்லாவற்றையும்விட அழகானது பூந்தொட்டிப் போராட்டம்தான். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, கோஷம் இல்லை, கொடி இல்லை, ஆளுக்கொரு பூந்தொட்டியைக் கொண்டுவந்து சபை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆசிரியர்கள் வைத்தார்கள், லாரி டிரைவர்கள் வைத்தார்கள், நர்சுகள் வேலை முடிந்து போகிற வழியில் வைத்தார்கள். பூந்தொட்டி வைப்பதைத் தடுக்க எந்தச் சட்டப் பிரிவு என்று போலீசுக்குத் தெரியவில்லை. வாடிப்போனால் அதற்கும் ஒரு கூட்டம் வந்து நிற்கும் என்று பயந்து, காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களே காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்கள்.

செயலர் மைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். வழக்கமாக நிற்கவைத்துப் பேசுகிறவர், அன்று நாற்காலியைக் காட்டினார். அதிலேயே மைக்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"பயப்படாதீங்க. உங்க மேல தப்புன்னு யார் சொன்னா? மெஷின் பழசு. அன்னிக்கு ஏதோ ரேடியோ நாடகத்தை இழுத்துடுச்சு. ஜனங்க கேட்டது அந்த நாடகத்தைத்தான்."

"நாடகமுங்களா?"

"ஆமா, நாடகம். கர்ஜனை மாதிரி பேசற நடிகர் யாரோ இருந்திருக்கார். இது என் முடிவு மட்டும் இல்ல, ரெண்டு கட்சியும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. ரெண்டு கட்சியும் உட்கார்ந்து பேசறது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும். வர்ற கூட்டத்துல சபாநாயகர் உங்களைச் சபை நடுவுல கூப்பிட்டுக் கேட்பார். டி.வி.யில நேரடியாப் போகும். மெஷின் கோளாறுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்." செயலர் குரலைத் தாழ்த்தினார். "மறுநாளே நிரந்தரம். நானே கையெழுத்துப் போடறேன்."

"வேற மாதிரி சொன்னா?" என்று கேட்க வேண்டும் என்று நினைத்தார் மைக்காரர். கேட்கவில்லை. கேட்காமலே செயலர் பதில் சொன்னார்: "தற்காலிக ஆளை அனுப்பறதுக்குக் காரணம்கூட எழுத வேண்டியதில்லை, பாருங்க."

"சரிங்க" என்றார் மைக்காரர். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கண்டக்டரம்மா சீருடையைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். மைக்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள்.

"மெஷின் கெட்டுப்போகலம்மா" என்றார் அவர்.

"என்னது?"

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அணைக்கல. 'இல்லை'ன்னு யாராவது சொல்வாங்க, சொன்னதும் அணைக்கலாம்னு உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லல. ஒருத்தர் அநியாயம்னு சொன்னார். அட, நல்ல மனுஷன்னு நினைச்சு அவர் சத்தத்தை ஏத்திவேற விட்டேன்."

கண்டக்டரம்மாவின் கை நின்றது. பிறகு ஈரத் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வர, விக்கல் எடுக்கச் சிரித்தார். "நீங்களா... நீங்களா ஏத்திவிட்டீங்க?" என்று கேட்பதும் மறுபடி சிரிப்பதுமாக இருந்தார். மைக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்புறம் அவர் நிரந்தர வேலை விஷயத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. மாதக் கடைசியில் அரிசி டப்பாவைத் தட்டிப் பார்க்கிற வீடு அது. வயதான காலத்தில் பென்ஷன் என்று ஒன்று வருமென்றால், அது அந்த நிரந்தரத்தில்தான் இருந்தது.

"நான் என்னம்மா சொல்லட்டும்?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற கண்டக்டரம்மா, சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "பஸ்ஸுல எல்லாரையும் இறங்கு, ஏறுன்னு நான்தான் சொல்றேன். இதுல மட்டும் நான் விசில் ஊத மாட்டேங்க. உங்க ஸ்டாப்பிங் எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே பார்த்து இறங்கிக்கோங்க. எங்க இறங்கினாலும் நான் வந்து கூட்டிக்கறேன்."

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. பார்வையாளர் மாடத்தில் இடம் கிடைக்காமல் படிக்கட்டில் நின்றார்கள். ஒரு சின்னச் சிக்கல் இருந்தது: மைக்காரர் சாட்சி சொல்லக் கீழே வந்துவிட்டால் மைக்கைப் பார்ப்பது யார்? அந்தப் பழைய மெஷின் வேறு யாருக்கும் வசப்படாது. கடைசியில், தன்னைத்தானே விசாரிக்கும் சபைக்கு அவரே எல்லா மைக்கையும் திறந்து, அளவு சரிபார்த்து வைத்துவிட்டு, படியிறங்கிக் கீழே வந்தார். அத்தனை வருஷத்தில் அன்றுதான் அந்த முகங்களை நேரில் பார்க்கிறார். காதால் கேட்டதைவிட எல்லாரும் சின்னதாக இருந்தார்கள்.

சபாநாயகர் போன தடவை பட்ட அவமானத்தில் பாடம் கற்றிருந்தார். இந்தத் தடவை எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். சாட்சி உளறிவைத்தால் என்ன செய்வது என்ற யோசனையும் இருந்தது. ஆகவே முதலில் சபை முடிவு, பிறகு சாட்சி தலையாட்டினால் போதும் என்று மாற்றிவிட்டார்.

"அன்று ஒலிபரப்பானது இந்தச் சபையின் குரல்கள் அல்ல, இயந்திரக் கோளாறே என்பதை ஏற்போர் 'ஆம்' என்க."

"ஆம்!" என்றது சபை. மேசைகள் அதிர்ந்தன.

சபாநாயகர் கையைத் தூக்கி எல்லாரையும் அமைதிப்படுத்தினார். மாநிலம் பார்க்கிறது என்பதால் இரண்டாவது கேள்வியை நிறுத்தி நிதானமாகக் கேட்டார். "மறுப்போர் 'இல்லை' என்க."

ஒரு சத்தம் இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. மைக்காரர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். அத்தனை பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்ஷன் நினைவுக்கு வந்தது, அரிசி டப்பா நினைவுக்கு வந்தது, மெஷினுக்காவது ரோஷம் வந்ததே என்ற பேச்சும் நினைவுக்கு வந்தது. இப்போதாவது யாராவது சொல்லிவிட்டால் நான் சும்மா நின்றுவிடலாமே என்றுகூட நினைத்தார். யாரும் சொல்லவில்லை.

"இல்லைங்க" என்றார்.

சின்னக் குரல்தான். ஆனால் எல்லா மைக்கும் திறந்திருந்தது. திறந்து வைத்தவர் வேலை தெரிந்தவர்.

சபாநாயகர் திடுக்கிட்டார். "யார் அது?"

"நான்தாங்க."

"நீங்க சாட்சி. உங்களுக்கு இங்க ஓட்டு கிடையாது!"

"சரிங்க." மைக்காரர் அதோடு நிறுத்தவில்லை. "மெஷின் கெட்டுப்போகலைங்க. நாடகமும் இல்லைங்க. எல்லாம் இங்க இருக்கிறவங்க குரல்தான். மேலேருந்து தூண் மறைக்கும், எனக்கு யார் முகமும் தெரியாதுங்க. ஆனா குரல் தெரியும்."

"பின்ன ஏன்யா அணைக்கல?" என்று கத்தியது கர்ஜனை. அன்றுதான் அது நிஜமான கர்ஜனை.

"'இல்லை'ன்னு ஒரு சத்தம் வந்ததும் அணைக்கறதுதாங்க என் பழக்கம். அன்னிக்கு அது வரவே இல்ல. இத்தனை பேர் இருக்கீங்களே, ஒருத்தராவது சொல்வீங்கன்னு காத்துக்கிட்டே இருந்துட்டேன். என் தப்புதாங்க."

கீழே கேமரா அறையில் இருந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதற்றத்தில் அவர் கை போன இடம் பழகிய இடம். 'இல்லைங்க' என்ற சத்தம் கேட்ட நொடியே மாநிலம் முழுக்க டி.வி.யில் பூந்தொட்டிகள் வந்துவிட்டன. ஆகவே அந்தப் பேச்சு முழுவதையும் ஜனங்கள் சிவப்புப் பூக்கள் சொல்லித்தான் கேட்டார்கள்.

"வெளியே போங்க!" என்றார் சபாநாயகர்.

"சரிங்க. மைக்கை அணைச்சுட்டுப் போகட்டுங்களா?"

"ஆம்!" என்று சபை மொத்தமும் ஒரே குரலில் கத்தியது.

மைக்காரர் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், இப்போதாவது யாராவது மறுப்பார்களோ என்று. மறுக்கவில்லை. மேலே ஏறிப்போய் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். ஹெட்போனின் வயரை ஒழுங்காகச் சுற்றி ஆணியில் மாட்டினார். வாசலில் செயலர் ஒரு காகிதத்தோடு நின்றார். நாளையிலிருந்து வர வேண்டாம். "தற்காலிகமாங்களா?" என்று கேட்டார் மைக்காரர். "நிரந்தரமா" என்றார் செயலர். ஒருவழியாக அவர் விஷயத்தில் நிரந்தரமாக ஒன்று நடந்தது.

வாசலெங்கும் பூந்தொட்டிகள். ஒதுங்கி ஒதுங்கி நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். வந்தது கண்டக்டரம்மாவின் பஸ்தான். அவர் பஸ்ஸில் சொந்தபந்தம் கிடையாது என்பது சட்டம். புருஷனானாலும் டிக்கெட் வாங்க வேண்டும், கூட்டத்தில் நிற்க வேண்டும், மற்றவர்களைப் போல மரியாதையாகப் பேச வேண்டும். மைக்காரர் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவருக்குப் பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டை நிறுத்திச் செய்தி சொன்னார்கள்: சம்பள மசோதா மறுபரிசீலனைக்காகத் திரும்பப் பெறப்பட்டது. பஸ்ஸில் ஓர் ஆரவாரம். "பூந்தொட்டி பேசினதும் அலறிட்டாங்கய்யா!" என்றார் ஒருவர்.

கண்டக்டரம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. அழுதாரா, தொண்டை கட்டியதாலா என்று கேட்டால் அடிக்க வருவார். புருஷனைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்தார். பெரிய நோட்டை நீட்டினார் மைக்காரர்.

"சில்லறை இருக்கா?" என்றார் கண்டக்டரம்மா, கடமைக் குரலில்.

"இல்லைங்க."

பஸ் சட்டென்று அமைதியாயிற்று. முன் சீட்டில் இருந்த கருவாட்டுக்காரம்மா மெதுவாகத் திரும்பினார். "இந்தாப்பா, இன்னொரு தடவை சொல்லு."

"சில்லறை இல்லைங்கம்மா."

"அட, இவருதான்டி! இவருதான் அந்தப் பூந்தொட்டி!"

அவ்வளவுதான். பஸ் இரண்டு பட்டது. முகம் தெரியாத குரலுக்கு முகம் கிடைத்த சந்தோஷத்தில் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், முதுகில் தட்டினார்கள். "வேலை என்னாச்சுண்ணே?" என்று ஒருவர் கேட்டார். "போச்சுங்க" என்றார். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது, அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

"மொதல்ல உட்காருங்க" என்று நாலைந்து பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் கண்டக்டரம்மாவைப் பயத்தோடு பார்த்தார். இந்தப் பஸ்ஸின் சட்டம் அவருக்குத் தெரியும். அதைக் கவனித்துவிட்ட ஒரு வம்புக்காரர் சீட்டின் மேல் ஏறி நின்று, சபாநாயகர் மாதிரி கையைத் தூக்கினார்.

"அண்ணன் உட்கார்ந்து வரணும்ங்கறதை ஏற்போர் 'ஆம்' என்க!"

"ஆம்!" என்று பஸ் அலறியது.

"மறுப்போர் 'இல்லை' என்க!"

"இல்லை!" என்றார் கண்டக்டரம்மா. கட்டின தொண்டையிலும் அந்தச் சத்தம் கடைசிச் சீட்டு வரை போனது. "இத்தனை வருஷம் அந்த அலமாரிக்குள்ள உட்கார்ந்தது போதும். என் பக்கத்துல நின்னுட்டு வரட்டும்!"

பஸ் முழுக்க மைக்காரரைப் பார்த்தது.

"சரிங்க" என்றார் அவர்.